மெழுகா, கரண்டா, பட்டையா, பயிற்சியா? கைவிரல் தேய்மான வலிக்கு எதில் காசைப் போடலாம்

பத்து சிட்டிங் மொத்தமாகக் கட்டினால் குறைத்துத் தருகிறோம் என்று பிசியோதெரபி கிளினிக்கில் சொல்கிறார்கள், கட்டலாமா? மெடிக்கல் ஷாப்பில் கட்டைவிரலுக்கு ஒரு பட்டை தருகிறார்கள், அதுவே போதுமா? மெழுகு உருக்கும் மெஷினை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? மாதுங்கா, சயான், செம்பூர், தாராவி என்று மும்பையில் நம் ஆட்கள் இருக்கும் இடங்களிலிருந்து, முக்கியமாக ஐம்பதைத் தாண்டிய பெண்களிடமிருந்து, இந்தக் கேள்விகள்தான் மாற்றி மாற்றி வருகின்றன. முதலில் செலவழிக்க வேண்டியது என்று நான் நினைப்பது இந்த மூன்றிலுமே இல்லை. அதை யாரும் பேக்கேஜ் போட்டு விற்பதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது தேய்மானம்தானா?

கைத் தேய்மானம், டாக்டர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவது, பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும்: நகத்தை ஒட்டிய நுனி மூட்டு, விரலின் நடு மூட்டு, கட்டைவிரல் மணிக்கட்டுப் பக்கம் சேரும் அடி மூட்டு. நுனியிலும் நடுவிலும் கெட்டியாக முண்டு கிளம்பும். காலையில் விறைப்பு இருக்கும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும்.

அப்படி இல்லாமல் விறைப்பு ஒரு மணி நேரம் போகிறது, விரல்கள் தொடங்கும் கணுக்களும் மணிக்கட்டும் மெத்தென்று வீங்கிச் சூடாக இருக்கின்றன என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, தள்ளிப்போட்டால் மூட்டு சிதைந்துவிடும். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் விரல் மூட்டு வலிப்பதும் உண்டு. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எந்தச் சந்தேகம் இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

எந்த மூட்டு வலிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் கட்டைவிரல் அடிக்கு உதவுவது நுனி மூட்டுக்கு உதவாமல் போகலாம். அடுத்து, நிவாரணம் எவ்வளவு காலம் நிற்கிறது: அன்றைக்கு மட்டுமா, மாதக்கணக்கிலா? மூன்றாவது மொத்தச் செலவு. சிட்டிங் கட்டணத்தோடு ஆட்டோ, ட்ரெயின், காத்திருக்கும் நேரம், அன்றைக்கு விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். நான்காவது, உங்கள் கை நாள் முழுக்க எதில் இருக்கிறது: தண்ணீரிலா, மாவிலா, தையல் மெஷினிலா, போனிலா? ஐந்தாவது, சர்க்கரை உண்டா, விரல்களில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த குருத்தெலும்பை இவற்றில் எதுவும் திரும்ப வளர்க்காது. வலி குறையும், பிடி கொஞ்சம் உறுதியாகும், தடைப்பட்ட வேலைகள் மறுபடி நடக்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். அது சின்ன விஷயமே இல்லை. ஆனால் தேய்மானத்தையே சரிசெய்துவிடுகிறோம் என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

கையைப் புழங்கும் விதத்தை மாற்றுவது

நான் முதலில் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். மூட்டுப் பாதுகாப்பு என்று சொல்வார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை உடம்புக்கு ஏற்ற மாதிரி செய்யப் பழக்குபவர், பிசியோதெரபிஸ்ட் அல்ல. இரண்டும் வேறு படிப்பு, வேறு ஆட்கள். (கையில் சிறப்புப் பயிற்சி பெற்ற பிசியோக்களும் சொல்லித்தருவார்கள், அப்படி ஒருவர் அருகில் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.)

ஏன் இது முதலில் என்றால், கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி நுனியும் சேர்த்து 1 கிலோ அழுத்தத்தில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால் கட்டைவிரலின் அடி மூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாக இறங்குகிறது. 1977-ல் கூனி, சாவோ என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னது இது. நம் வீட்டு வேலைகளை இந்தக் கணக்கோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பூ கட்டுவது, பால் பாக்கெட்டைப் பிய்ப்பது, பூண்டு உரிப்பது, புளி கரைப்பது, ஊசியைத் துணியில் குத்தி இழுப்பது, ஜாடி மூடியைத் திருகுவது, போனில் கட்டைவிரலால் டைப் செய்வது, எல்லாமே கிள்ளும் பிடிதான், அதையும் நாளெல்லாம் செய்கிறோம். வாரம் மூன்று தடவை இருபது நிமிடம் மெஷின் வைத்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க அதே மூட்டை அதே மாதிரி நசுக்கினால் வலி எப்படிக் குறையும்?

இதற்கு ஆய்வும் இருக்கிறது. பிரிட்டனில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 257 பேரை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்டார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் மூட்டுப் பாதுகாப்பு கற்றுக்கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டார்கள், கற்றுக்கொடுக்கப்படாதவர்களில் 21 சதவீதம் பேர். எல்லாருக்கும் பலிக்கவில்லைதான், ஆனாலும் ஒரு தடவை கற்றுக்கொண்டு பிறகு காசே கொடுக்காமல் செய்யும் விஷயத்துக்கு இது நல்ல பலன்.

நடைமுறையில் என்ன மாற்றுவது? காய்கறிப் பையை விரல்களில் தொங்கவிடாமல் தோளிலோ முழங்கை மடிப்பிலோ மாட்டுங்கள். கத்தி, கரண்டி, பேனா எல்லாவற்றின் பிடியையும் தடிமனாக்குங்கள்: ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், ஒரு துண்டு வெட்டிச் செருகினால் போதும். தட்டையும் தம்ளரையும் விளிம்பில் கிள்ளித் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்குங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல் வாளியின் சுவரோடு வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை இறக்குங்கள். தேங்காய்க்கு மிக்ஸி. லோக்கலில் நிற்கும்போது கம்பியை விரல்களால் இறுகப் பிடிக்காமல், கூட்டம் விட்டால் முன்கையை அதில் சுற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது, கட்டைவிரலுக்கு விடுமுறை கொடுங்கள். பூ கட்டுவதையும் மாவு பிசைவதையும் ஒரே மூச்சில் முடிக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, விரல்களை விரித்துவிட்டுத் தொடருங்கள். தீபாவளிக்கு முறுக்கு நாழியை வேறு யாராவது பிழியட்டும்.

மறைந்திருக்கும் செலவு அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. வேறு யார்? பல வீடுகளில் அம்மா வலியோடு வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டது, அவர்களும் கேட்பதில்லை. வீட்டில் இன்னொருவர் கை சேராமல் மூட்டுப் பாதுகாப்பு பாதிதான் நடக்கும். அம்மாவுக்காக இதைப் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் பேக்கேஜுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் தேங்காய் உடைப்பதையும் துணி பிழிவதையும் மாவு பிசைவதையும் யார் எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசுங்கள். முதல் சில வாரங்கள் வேலை மெதுவாகத்தான் போகும், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது? எந்த மூட்டானாலும் எல்லாருக்குமே பொருந்தும். ஆனால் சும்மா இருக்கும்போதும் வலிக்கிறது, தூக்கம் கெடுகிறது என்றால் இது மட்டும் போதாது.

பயிற்சி

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் 2019 வழிகாட்டுதலும் ஐரோப்பிய வாதநோய்ச் சங்கமான யூலாரின் 2018 பரிந்துரையும் கைத் தேய்மானத்துக்குப் பயிற்சியைச் சொல்கின்றன. ஆனால் அளவோடுதான் நம்ப வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017 காக்ரேன் அறிக்கை, வலியிலும் விறைப்பிலும் கிடைக்கும் பலன் சிறியது என்றே சொல்கிறது. நார்வேயில் பெண்களை வைத்து மூன்று மாதம் வீட்டிலேயே செய்யவைத்து, நடுவில் போன் பண்ணி விசாரித்துக்கொண்டே இருந்தார்கள், அங்கே அன்றாட வேலைகள் செய்வது நன்றாகவே மேம்பட்டது. அந்த போன் விசாரிப்பு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்து அனுப்பிவிட்டால் நான்காம் நாள் தாள் பிரிட்ஜ் மேல் போய்விடும்.

என்னென்ன செய்வது என்றால், கையை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு: விரல்களை நேராக நீட்டி, பிறகு நடுவிலும் நுனியிலும் மட்டும் கொக்கி போல மடக்கி, பிறகு முழுதாக லேசாக மூடி, திரும்ப நீட்டுவது. கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு வட்டம் போடுவது, வட்டம் நசுங்கக் கூடாது. கையை மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தி, மறு கை விரலால் லேசாகத் தடுப்பது. கட்டைவிரல் அடி மூட்டைத் தாங்கிப்பிடிக்கும் தசைக்கு இது. ஒவ்வொன்றும் பத்து தடவை. அசைவுப் பயிற்சிகளைத் தினமும், தடுப்புக் கொடுத்துச் செய்வதை வாரம் மூன்று நாள். செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் அடுத்த தடவை எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஸ்பாஞ்சுப் பந்தை இறுக்கிப் பிழியச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. கட்டைவிரல் அடி மூட்டு தேய்ந்து தளர்ந்தவர்களுக்கு அது வலியைக் கூட்டலாம். பந்தைக் கையில் கொடுத்தால், என் கட்டைவிரல் அடிக்கு இது சரியா என்று கேளுங்கள்.

காசுச் செலவு ஏறக்குறைய இல்லை, மறைந்திருப்பது பொறுமைதான். ஆறு வாரத்துக்கு முன்னால் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பிடி தளர்ந்து பாத்திரம் நழுவுகிறது, விரலை முழுதாக மடக்க முடியவில்லை என்பவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு.

கட்டைவிரல் பட்டை

ஸ்ப்ளிண்ட் என்று கேட்டால் தருவார்கள். இது கட்டைவிரல் அடி வலிக்கு மட்டும் முக்கியமான தேர்வு. அமெரிக்க வழிகாட்டுதல் அந்த ஒரு மூட்டுக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது, மற்ற விரல் மூட்டுகளுக்கு அவ்வளவு உறுதி இல்லை. பிரான்ஸில் 112 பேரிடம் அவரவர் கைக்கு அளவெடுத்துத் தைத்த நியோப்ரீன் (ரப்பர் போன்ற மெத்தென்ற துணி) பட்டையை இரவில் மட்டும் போடச் சொல்லிப் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு: ஒரு மாதத்தில் வித்தியாசமே இல்லை, 12 மாதத்தில் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம், 2021-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் உண்மையான பட்டையையும் பேருக்குப் போட்ட போலிப் பட்டையையும் ஒப்பிட்டபோது எட்டு வாரத்தில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் கணிப்பு இது: இரண்டு வாரம் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று மூலையில் போடுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் போட மனமிருந்தால் வாங்குங்கள், யூலாரும் நீண்ட காலம் போடுவதைத்தான் சொல்கிறது.

வாங்கும்போது மணிக்கட்டையும் மற்ற நான்கு விரல்களையும் பூட்டாத குட்டையான மாடலா என்று பாருங்கள். போட்டுக்கொண்டு கடையிலேயே ஒரு பேனாவைப் பிடித்துப் பாருங்கள், வலி உடனே கொஞ்சமாவது இறங்க வேண்டும். லொடலொடவென்று இருந்தால் பயனில்லை, விரல் நீலமானால் இறுக்கம். கைக்கு அளவெடுத்துச் செய்யும் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளக்கி வளைக்கும் பிளாஸ்டிக்) பட்டை விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீரில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் போடலாம். மும்பையில் இது சாதாரண விஷயம் இல்லை. நியோப்ரீன் பட்டை மே மாத வியர்வையில் அரிக்கும், ஜூலை மழையில் துவைத்துப் போட்டால் எப்போது காயும் என்று சொல்லவே முடியாது, அதனால் இரண்டு வாங்க வேண்டிவரும். மாவு ஒட்டினால் வெல்க்ரோ பிடிக்காது. விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றி தாராவியிலிருந்து விற்பனைக்கு அனுப்பும் வீடுகளில் வேலை நேரத்தில் துணிப் பட்டை சரிப்படாது, சுத்தத்துக்கும் நல்லதில்லை. அவர்கள் இரவிலும் ஓய்விலும் போட்டுக்கொள்வதுதான் வழி. தையல், கம்ப்யூட்டர், வண்டி ஓட்டுவது போன்ற கை நனையாத வேலை செய்பவர்கள் வேலை நேரத்திலேயே போடலாம். நாள் முழுக்கக் கழற்றாமலே இருந்தால் தசை வலுவிழக்கும், பயிற்சியைக் கூடவே செய்யுங்கள்.

சூடும் மெழுகும்

வாக்ஸ் பாத் சுகமாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. மினரல் ஆயில் கலந்த பாரஃபின் மெழுகை 52 முதல் 54 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்து, கையைப் பல தடவை முக்கி எடுத்து, பிளாஸ்டிக்கும் துண்டும் சுற்றிக் கால் மணி நேரம் விடுவார்கள். துருக்கியில் வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் வலியும் விறைப்பும் குறைந்தன. அந்த ஐந்து நாளைக் கவனியுங்கள். வாரம் ஐந்து நாள் கிளினிக்குக்குப் போய் வர உங்களால் முடியுமா? டோம்பிவிலியிலிருந்து தாதருக்கு வேலைக்குப் போகிறவருக்கு முடியாது.

வீட்டு மெஷின் சில ஆயிரம் ரூபாய் ஆகும், மெழுகை அவ்வப்போது மாற்ற வேண்டும், வைக்க இடமும் வேண்டும். காலை விறைப்பு அதிகம், பல விரல்களில் வலி, தினமும் அரை மணி உட்கார முடியும் என்பவர்களுக்கு வாங்கலாம். கடை மெழுகுவத்தியை காஸ் அடுப்பில் உருக்கிக் கையை விடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது இன்னும் அதிகச் சூட்டில்தான் உருகும், தோலைப் பொசுக்கும், தீயும் பிடிக்கும். சர்க்கரையால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள், கையில் புண் உள்ளவர்கள், ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மெழுகையே தவிர்க்க வேண்டும், சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

மற்றவர்களுக்கு அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பெரும்பாலும் போதும். கல் உப்பு போடுவது நம் வழக்கம், போட்டாலும் போடாவிட்டாலும் வேலை செய்வது சூடுதான். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுப்பதும் அப்படித்தான், இதமாக இருந்தால் செய்யுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கிய நாளில் மட்டும் சூடு வேண்டாம், ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். எப்படியானாலும் சூட்டின் பலன் சில மணி நேரம். அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிட்டால் சூடு வீண்போகாது.

கரண்ட், அல்ட்ராசவுண்ட், லேசர்

பத்து சிட்டிங் பேக்கேஜில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: ஐ.எஃப்.டி. அல்லது டென்ஸ் (இரண்டுமே தோல் வழியே லேசாகக் கரண்ட் விடும் மெஷின்கள்), அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், சில இடங்களில் லேசர். கை மூட்டுத் தேய்மானத்தில் இவற்றுக்கு ஆதாரம் மெலிவானது. கனடாவில் கைத் தேய்மானத்துக்குக் குறைந்த சக்தி லேசரைப் போலி லேசரோடு ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள், இரண்டுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. மின்சாரம் வழியே மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் அயன்டோபோரெசிஸை அமெரிக்க வழிகாட்டுதல் கட்டைவிரல் அடிக்கு வேண்டாம் என்றே சொல்கிறது.

படுத்துக்கொண்டு வைத்துக்கொள்ளும்போது இதமாக இருப்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. வலி உச்சத்தில் இருந்து பயிற்சியைத் தொடங்கவே முடியாத ஒரு வாரத்தில், சிறுநீரகத்துக்கோ வயிற்றுக்கோ ஆகாது என்று மாத்திரையைத் தவிர்ப்பவருக்கு, இரண்டு மூன்று சிட்டிங் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் கரண்ட் வைக்கவே கூடாது. ஆனால் முன்பணமாகப் பத்து சிட்டிங்குக்குக் கட்டாதீர்கள். ஒவ்வொரு சிட்டிங்கும் போகவர அரை நாளை எடுத்துக்கொள்கிறது, வீட்டுக்கு எடுத்துவர எதுவும் மிஞ்சுவதில்லை.

எங்கே போவது, எந்த வரிசையில்

ஆக்குபேஷனல் தெரபியைப் பொறுத்தவரை மும்பையில் இருப்பது ஓர் அதிர்ஷ்டம். இந்தியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி 1950-ல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில்தான் தொடங்கியது, கமலா நிம்ப்கர் தொடங்கிவைத்தார். சயான், நாயர் மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஹாஜி அலியில் 1955-லிருந்து இயங்கும் மத்திய அரசின் பிசிகல் மெடிசின் மறுவாழ்வு நிறுவனமும் இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுத்து, முதலில் டாக்டரைப் பார்த்து, அங்கிருந்து எழுதி அனுப்ப வேண்டும். ஒரு காலைப் பொழுது முழுக்கப் போய்விடும். அந்த ஒரு காலை தனியார் கிளினிக்கில் பத்து சிட்டிங்கைவிட எனக்கு மதிப்பாகப் படுகிறது. போகும்போது நாள் முழுக்கச் செய்யும் வேலைகளையும், எதைச் செய்யும்போது எங்கே வலிக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கட்டைவிரல் அடி மட்டும் வலித்தால்: மூட்டுப் பாதுகாப்பு, பட்டை, ஆள்காட்டி விரல் பயிற்சி, இந்த மூன்றும் சேர்ந்து. நுனியிலும் நடுவிலும் பல விரல்கள் வலித்தால்: மூட்டுப் பாதுகாப்பு, காலையில் சூடு, சூட்டோடு அசைவுப் பயிற்சி, பட்டைக்குச் செலவழிக்க வேண்டாம். காசும் நேரமும் மிகக் குறைவு என்றால் ஃபோம் குழாயும் வெந்நீரும் பயிற்சியும் மட்டும் வைத்து ஆரம்பியுங்கள். இதெல்லாம் பிடிபடும்வரை வலிக்கும் இடத்தில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம், விழுங்கும் மாத்திரைக்கு முன்னால் தடவும் மருந்து என்பதுதான் யூலாரின் வரிசையும். வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தடவுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இரவில் வலி எழுப்புகிறது, சாவியைத் திருப்ப முடியவில்லை, கட்டைவிரல் அடி வெளியே துருத்திக்கொண்டு வருகிறது என்றால் பிசியோவையும் பட்டையையும் மாற்றிக்கொண்டே இருக்காமல் கை அறுவை நிபுணரையோ ஆர்த்தோ டாக்டரையோ பாருங்கள். போகும்போது எக்ஸ்ரேயோடு பட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மாதம் போட்டீர்கள், எந்தப் பயிற்சியில் வலி கூடியது என்று அவர் கண்டிப்பாகக் கேட்பார்.